கயிற்றின் மறுமுனை

11.12.2007, செவ்வாய்.
இன்று செய்த தவறு: டைப்ரைட்டிங் வகுப்பில் கடிதத்தின் தேதியை 12 என்று அடித்துவிட்டேன். நாளை நடக்கப்போவதையே நினைத்துக்கொண்டிருந்ததால் வந்த பிழை. லீலா டீச்சர் சிவப்பு மையில் சுழித்தார். புதுத் தாள் போட்டு மறுபடி அடித்தேன். வேறு தவறு இல்லை.

கடைசி வரியை எழுதிய பிறகும் மேனகா பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வரி பொய். நோட்டில் ஒன்பது பக்கம் பின்னால் புரட்டினால் அந்தப் பொய் தொடங்கிய இடம் தேதியோடு இருக்கும். அவள் புரட்டவில்லை. நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பெரும்பாறைக்கு மேலே, மொட்டைக் கரட்டின் அடியில் இருக்கிற அந்தக் காலனிக்கு அரசாங்கப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த நாற்பது குடும்பங்களுக்குக் கட்டிக் கொடுத்த இடம் என்பதால் அது ‘நாப்பது வீடு’. பஸ் கண்டக்டரும் அப்படிச் சொல்லித்தான் இறக்கிவிடுவார். கரட்டுக்கு மிக அருகில், எல்லா வீட்டுக்கும் கடைசியாக இருப்பது அழகர் வீடு. மேனகா அவருடைய மகள். பகலில் எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை, மாலையில் பண்ணைக்காட்டில் டைப்ரைட்டிங் வகுப்பு.

அந்தக் கரட்டில் கிராவல் தோண்ட வத்தலக்குண்டு சுப்புராஜ் அனுமதி கேட்டிருந்தார். கரட்டின் இடுப்பில் ஓர் ஊற்று இருக்கிறது. நாற்பது வீட்டுக்கும் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். கரட்டைக் குடைந்தால் ஊற்று போகும். டிப்பர் லாரிக்குப் பாதை வெட்டினால் அது அழகர் வீட்டுச் சமையல்கட்டுச் சுவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சுவர் இப்போதே மழைக்கு ஒரு பக்கம் பிளந்து, களிமண் பூசி நிற்கிறது.

குடியிருப்பிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குவாரி வரக்கூடாது என்று ஒரு விதி. ஊர் அந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கியது. சுப்புராஜ் தன் விண்ணப்பத்தில் முந்நூற்று நாற்பது என்று போட்டிருந்தார். கொடைக்கானல் கோட்டாட்சியர் புதன்கிழமை நேரில் வந்து விசாரிப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ஊருக்காகப் பேசப்போகிறவள் சௌம்யா. மேனகாவின் மதினி.

சௌம்யா பழனிக்காரி. அடிவாரத்தில் அவளுடைய அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. பக்தர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டிப் போன மேனகாவின் அண்ணன் பாலகுமார் அங்கே அவளைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு, ஏப்ரலில் கட்டிக்கொண்டு வந்தான். எட்டு மாதம்தான் ஆகிறது. அந்த எட்டு மாதத்தில் மேனகாவின் இடம் ஒவ்வொன்றாகப் போயிற்று.

ஜீப்பில் அண்ணனுக்குப் பக்கத்து முன்சீட்டு மூன்று வருஷமாக அவளுடையது. இப்போது அவள் பின்னால், காய்கறி மூட்டைகளுக்கு நடுவில், முட்டி இடிக்க உட்கார்ந்து போகிறாள். ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எழுத அவளைத் தேடி வந்தவர்கள் இப்போது வாசலில் நின்று, சௌம்யா இருக்கா என்று கேட்டார்கள். குழம்பில் உப்புப் பார்க்க அம்மா முதல் கரண்டியை மருமகள் கையில் ஊற்றினாள். எழுதிப் பார்த்தால் இதெல்லாம் சிரிப்பு வருகிற விஷயங்கள். அதனால் மேனகா எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் தப்போ என்று பிறகு அடிக்கடி நினைத்தாள்.

எழுதியது வேறு. குவாரிப் பேச்சு வந்த நாளிலிருந்து ஊற்றில் குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தெந்த வீட்டுச் சுவரில் விரிசல், கரட்டின் மேல் எந்தத் தேதியில் எந்த வண்டி வந்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றினாள். மனுவின் முதல் வரைவை எழுதியதும் அவள்தான். தூரத்துக்கு மட்டும் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தாள். அளந்து பார்த்துவிட்டு நிரப்பலாம் என்று.

இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் பத்து மீட்டர் நைலான் கயிற்றை எடுத்துக்கொண்டு தனியாகக் கரட்டுக்குப் போனாள். மேலே சுப்புராஜ் நட்ட எல்லைக் கல்லில் தொடங்கி, கயிற்றின் ஒரு நுனியை உண்ணிச்செடியில் கட்டி, மறு நுனி முடிகிற இடத்தில் குச்சி நட்டு, திரும்ப மேலே ஏறி அவிழ்த்து, மறுபடி இறங்கி, முப்பத்தொரு தடவை, அதற்கு மேல் இரண்டு மீட்டர். வீட்டுச் சுவரைத் தொட்டபோது உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. நோட்டில் எழுதினாள்: முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

பன்னிரண்டு மீட்டர் கூட. என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போனால் வீட்டில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. வார்டு மெம்பர் கந்தவேல் கண்மதிப்பில் இருநூற்று ஐம்பதுதான் வரும் என்று சொல்லியிருக்கிறார். சௌம்யா மனுவைப் புதிதாக எழுதி, கோடு போட்ட இடத்தில் ‘முந்நூறு மீட்டருக்குள்’ என்று தன் உருண்டைக் கையெழுத்தில் நிரப்பிவிட்டாள். முதல் கையெழுத்தும் அவளே போட்டிருந்தாள். அழகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நம்ம வீட்டுக்கு ஒரு வக்கீலு வந்துட்டா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சௌம்யா தாளை மேனகாவிடம் நீட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா பார் என்றாள்.

மேனகா படித்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சரியா இருக்கு மதினி, என்றாள்.

அன்று சொல்லாததை மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் திண்டுக்கல்லில் கலெக்டரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்க மேனகாவைத்தான் முன்னால் தள்ளினார்கள். மைக்கைப் பார்த்ததும் அவள் முதல் வரியையே திரும்பத் திரும்ப வாசித்தாள். தாள் கையில் படபடத்தது. சௌம்யா அவள் கையிலிருந்து அதை மெதுவாக, ரொம்ப மெதுவாக எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். பிடுங்கியிருந்தால்கூட மேனகா தாங்கியிருப்பாள். அந்த மெதுவைத்தான் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு ஒன்பது நாள், அவள் ஒரு காட்சியை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அதிகாரி கேட்கிறார், முந்நூறுக்குள் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று. சௌம்யா முழிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அதற்குப் பிறகு ஊர் என்ன ஆகும் என்பது அதில் வரவே இல்லை.

புதன்கிழமை வெள்ளனே ஊர் கரட்டடியில் கூடிவிட்டது. ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் தோட்டத்தில் நிற்கிற மாதிரி, பெரியவர்கள் பழக்கதோஷத்தில் வரிசையாகவே நின்றார்கள். பனி விலகாமல் கரட்டின் தலை மட்டும் தெரிந்தது.

பத்தரைக்கு இரண்டு ஜீப் வந்தன. முதலாவதில் கோட்டாட்சியரும் சர்வேயர் பொன்னுச்சாமியும். இரண்டாவதில் சுப்புராஜ், எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு. அவர் பெண்களையெல்லாம் அக்கா என்றார். டீ வேண்டாம் என்றவர்களிடம், குவாரி வேண்டாம்னா டீயுமா வேண்டாம் என்று சிரித்தார். நான்கைந்து பேர் வாங்கிக் குடிக்கவும் செய்தார்கள்.

ஒரு மேசை போட்டு சர்வேயர் வரைபடத்தை விரித்தார். நான்கு மூலையிலும் கல் வைத்தார். சௌம்யா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நீலச் சேலை, பின்னலில் ஒரு கனகாம்பரச் சரம். பேசுவதற்கு முன் ஒரு தடவை திரும்பி ஊரைப் பார்த்துக்கொண்டாள். அது மேனகாவுக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது.

நன்றாகத்தான் பேசினாள். ஊற்றைப் பற்றிச் சொன்னாள். மழை பெய்தால் இந்தச் சரிவிலிருந்து கல் உருளும் என்றாள். ஒரு நாட்டில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர்களை இன்னொரு தடவை எழுந்திருக்கச் சொல்லாதீர்கள் என்றபோது கோட்டாட்சியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வரிசையில் நின்ற கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். இவளுக்கு எப்படித் தெரியும், இவள் எந்த நாட்டை விட்டு வந்தாள் என்று மேனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாக்கியத்தைத் தான் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் உண்மையில் எரிந்தது.

பக்கத்து வீட்டு அன்னக்கொடி அவளை முழங்கையால் இடித்தாள்.

“ஏ மேனகா, உங்க மதினி பேச்சக் கேட்டியா? நீயா இருந்தா இந்நேரம் பேப்பரு காத்துல பறந்து கரட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.”

மேனகா சிரித்து வைத்தாள்.

அப்போதுதான் கோட்டாட்சியர் கேட்டார். அவள் ஒன்பது நாள் காத்திருந்த கேள்வி, அவள் நினைத்த வார்த்தைகளிலேயே வந்தது. விண்ணப்பதாரர் முந்நூற்று நாற்பது என்கிறார், நீங்கள் முந்நூறுக்குள் என்கிறீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்.

சௌம்யா முழிக்கவில்லை. முகம் மலர்ந்தது.

“எங்க மேனகா இருக்குது சார். என் வீட்டுக்காரரோட தங்கச்சி. எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கும். இந்த மனுவே அது போட்ட உழைப்புத்தான், நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான். மேனகா, வா. நோட்டைக் கொண்டா.”

நாற்பது வீடும் திரும்பி அவளைப் பார்த்தது. வழி விட்டது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நோட்டு மஞ்சப்பையில் இருந்தது, எப்போதும்போல. மேசை வரை நடந்த பத்தடியில் அவளுக்கு மூன்று வழி தோன்றியது. நோட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். இருநூற்றுப் பன்னிரண்டு என்று வாசித்துவிடலாம். மயங்கி விழலாம்.

அவள் பக்கத்தைப் புரட்டி வாசித்தாள்.

“ரெண்டு, பன்னண்டு, ரெண்டாயிரத்து ஏழு. ஞாயிறு. எல்லைக் கல்லுல இருந்து நாப்பதாம் வீட்டுச் சமையல்கட்டுச் சுவர் வரைக்கும் முந்நூத்திப் பன்னண்டு மீட்டர்.”

கூட்டத்துக்கு முன்னால் அவள் குரல் நடுங்காதது அதுதான் முதல் தடவை.

சுப்புராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “நான் ஒன்னும் சொல்லல சார். அவங்க வீட்டுப் புள்ளையே சொல்லிருச்சு” என்றார், ரொம்ப அடக்கமாக.

கோட்டாட்சியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். தேதியை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். எப்படி அளந்தாய் என்று சர்வேயர் பொன்னுச்சாமி குறுக்கே கேட்டார். மேனகா கயிற்றைப் பற்றியும் குச்சியைப் பற்றியும் சொன்னாள்.

“கயிறு தரையிலயா கெடந்துச்சு? மறுமுனையை யார் புடிச்சா?”

“தரையிலதான் சார். யாரும் புடிக்கல. செடியில கட்டினேன்.”

பொன்னுச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, கோட்டாட்சியரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வரைபடத்தின் மூலையிலிருந்த கல்லைச் சரிசெய்தார்.

இரண்டு பக்கத்து அளவுமே முந்நூறைத் தாண்டுகிறபோது இதில் தகராறே இல்லை, அதனால் தனியாக அளக்க உத்தரவிட வேண்டியதும் இல்லை என்றார் கோட்டாட்சியர். ஊற்றைப் பற்றிக் குறித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தூரத்தைப் பற்றி வேறு ஆட்சேபம் இருந்தால், புது அளவோடு, மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரே எழுதி, நாளை மாலை ஐந்து மணிக்குள் கொடைக்கானல் ஆபீசில் கொடுக்கலாம். அப்படி வந்தால் சர்வேயரை அனுப்பி அளக்கச் சொல்வார். வராவிட்டால் வெள்ளிக்கிழமை உத்தரவு எழுதிவிடுவார்.

ஜீப்புகள் போயின. ஊர் கலையும்போது அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று, வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றிப் போவதுபோல. அன்னக்கொடி மட்டும் நின்று கேட்டாள்.

“அம்புட்டு நாளா நோட்டு வச்சு என்னத்தக் கிழிச்ச?”

சௌம்யா ஒற்றையடிப் பாதையில் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். மேனகா ஓடிப்போய் எட்டிப் பிடித்தாள்.

“ரெண்டாந்தேதி அளந்திருக்க” என்றாள் சௌம்யா, திரும்பாமல். “மூணாந்தேதி மனுக் குடுத்தோம். ரெண்டாந்தேதி சாயங்காலம் நான் உங்கிட்டத்தான் தாளைக் குடுத்துக் கேட்டேன்.”

“ஆமா மதினி.”

“சரியா இருக்குன்னு சொன்ன.”

“ஆமா.”

“சொல்லியிருந்தா தூரத்த விட்டுட்டு ஊத்த மட்டும் புடிச்சிருப்பேன். எனக்கு என்ன, எழுதுனத அடிச்சு எழுதத் தெரியாதா?” அவள் நின்றாள். “ஏன் மேனகா?”

மேனகாவிடம் பதில் இருந்தது. முன்சீட்டு. ஒரு கரண்டிக் குழம்பு. மெதுவாகக் கையிலிருந்து போன ஒரு தாள். நாற்பது வீடு ஒரு பக்கம் இருக்கும்போது இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? அவள் தரையைப் பார்த்தாள். சௌம்யா நடந்தாள். அழவில்லை, திட்டவில்லை. கோபத்தைக்கூட இவ்வளவு நிதானமாகச் சுமந்து போகிறாளே என்று மேனகாவுக்கு அப்போதும் உள்ளே ஒன்று குத்தியது. சீ, இன்னுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அரைநாள் கூலியாவது மிஞ்சட்டும் என்று அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கப் போய்விட்டிருந்தார்கள். மேனகா களத்துக்குப் போகாமல் அங்கேதான் போனாள். அழகர் ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியில் நின்று சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மூக்கம்மா கீழே சாக்கை விரித்து உதிர்ந்ததைப் பொறுக்கினாள். மகளைப் பார்த்ததும் கை நின்றது.

“தெரிஞ்சேதான் சொல்லலயா?”

ஆமாம் என்று மேனகா தலையாட்டினாள். மூக்கம்மா மறுபடி பொறுக்கத் தொடங்கினாள். அழகர் மேலேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, மடியைச் சாக்கில் கொட்டினார்.

“ஏணியத் தூக்கி அந்த மரத்துல சாத்து” என்றார். அவ்வளவுதான்.

மேனகா ஏணியைச் சுமந்து போய்ச் சாத்தினாள். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. இருபது அடி மூங்கில், கால் மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி ஊன்ற வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். பழக்கத்தில் காலடி வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஊன்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

ஏணி இருபதடி. ஆனால் அதன் காலுக்கும் மரத்துக்கும் நடுவில் தரையில் ஐந்தடிதான்.

கரட்டில் அவள் அளந்தது ஏணியை. சரிவிலே படுத்துக் கிடந்த கயிற்றை. சர்வேயர் விரித்த தாளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மூலைக்கு ஒரு கல் வைத்து அமுக்கிய தட்டையான தாள். அதில் கல்லுக்கும் வீட்டுக்கும் இருக்கிற தூரம் கயிறு சொன்ன தூரமாக இருக்க முடியாது. அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். தரையிலயா கெடந்துச்சு என்று பொன்னுச்சாமி கேட்டது இதற்குத்தான்.

மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். முப்பத்தொரு இழுப்பில் பதினான்குக்கு எதிரே ஓரத்தில் ‘செங்குத்து’ என்று அவளே எழுதி வைத்திருந்தாள். கயிற்றைப் படுக்கப் போடாமல், மேல் நுனியைத் தரையிலும் கீழ் நுனியைக் கழியின் உச்சியிலுமாக மட்டமாகப் பிடித்து, அங்கிருந்து நேர்கீழே குண்டு தொங்கவிட்டு, படி இறங்குவதுபோலச் சின்னச் சின்னதாக அளந்துகொண்டு வந்தால்? இருநூற்றுத் தொண்ணூறு வரலாம். இருநூற்று எழுபதும் வரலாம். முந்நூற்று இரண்டாகவும் இருந்து தொலைக்கலாம். ஒரு தடவை தப்பாக அளந்தவள்தானே, இதையும் தப்பாக நினைத்திருந்தால்?

சரியோ தப்போ, ஒன்று நிச்சயம். அந்த அளவை ஒருத்தியால் எடுக்க முடியாது. செடியில் கட்டினால் கயிறு மட்டமாக நிற்காது. மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும். எடுத்த அளவை எழுதிக் கையெழுத்துப் போடவும் ஓர் ஆள் வேண்டும், அது முதல் கையெழுத்துக்காரியாகவே இருக்க வேண்டும்.

நான்கரைக்கு வகுப்புக்குப் போக ஜீப் நின்றது. முன்சீட்டு காலியாக இருந்தது. மேனகா வழக்கம்போல் பின்பக்கம் போனாள்.

“முன்னாடி ஏறு” என்றான் பாலகுமார். அவள் தயங்கினாள். “ஏறுன்றேன்ல. அதுக்குத்தான இம்புட்டும் பண்ணுன?”

யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனாகவே பார்த்திருக்கிறான். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். மேனகா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பண்ணைக்காடு வரை பதினேழு வளைவு. அந்தச் சீட்டு அவ்வளவு அகலமாக இருந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

வகுப்பில் லீலா டீச்சரிடம் அனுமதி கேட்டு, பாடத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் அடித்தாள். பெறுநர், கோட்டாட்சியர் அவர்கள், கொடைக்கானல். முன்பு கொடுத்த அளவு சரிவில் தரையோடு எடுத்தது. மட்டமாக எடுத்தால் தூரம் மாறும். ஆகவே சர்வேயரை அனுப்பி அளக்க உத்தரவிட வேண்டும். தவறான அளவை எடுத்தவர் பெயரும் போட வேண்டும் என்று தோன்றியது. அ. மேனகா என்று அடித்தாள். கீழே, இப்படிக்கு என்பதற்குப் பக்கத்தில், சௌம்யா பாலகுமார் என்று அடித்தாள். தூரத்துக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டாள். இந்தத் தடவை அதை வேறு யாராவது நிரப்பினாலும் பரவாயில்லை.

லீலா டீச்சர் வாசித்துப் பார்த்தார். எங்கும் சுழிக்கவில்லை.

வீடு திரும்பியபோது சமையல்கட்டில் சௌம்யா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மேனகா வாசற்படியில் நின்றாள். கடிதம் பையில் இருந்தது. மதினி என்று கூப்பிட்டாள். குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்டும் திரும்பவில்லையோ தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றுத் தண்ணீர். சௌம்யா குழாயை மூடி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி உள்ளே போனாள். மேனகாவின் சாப்பாடு தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. வைத்தது யார் என்று அவள் அம்மாவிடம் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்துவிட்டு நோட்டை எடுத்தாள். முதலில் நேற்றைய பக்கத்துக்குப் போய், ‘வேறு தவறு இல்லை’ என்ற வரியைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு புதுப் பக்கம்.

12.12.2007, புதன்.
தவறு ஒன்று: கரட்டில் தூரத்தைத் தரையோடு அளந்தேன்.
தவறு இரண்டு: அளந்ததைச் சொல்லவில்லை. காரணம் பொறாமை.
நாளை: காலை ஆறு மணி. கயிறு. ஆறடி மூங்கில் கழி இரண்டு. குண்டு கட்டித் தொங்கவிட அம்மாவின் பெட்டிப் பூட்டு. மட்டம் பார்க்கப் பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டில். கொடைக்கானல் போகிற ஒன்பதரை பஸ்ஸுக்குள் அளவு முடிய வேண்டும்.
எல்லாவற்றுக்கும் முன்னால், ஐந்தரைக்கு எழுந்து, மறுமுனையைப் பிடிக்க வரச்சொல்லி மதினியிடம் கேட்க வேண்டும்.